ஐம்பதாயிரம் யூனிட்டும் ஒரு டம்ளர் பாலும்

புதிதாக மருந்து கொடுக்க வந்திருக்கும் பிள்ளைகளே, என்னைப் பேசச் சொன்னால் நான் வைட்டமின் டி பற்றித்தான் பேசுவேன். பென்சிலின் வந்த கதையைச் சொன்னால் எனக்குப் பெருமையாக இருக்கும், நீங்களும் கை தட்டுவீர்கள். ஆனால் பென்சிலின் என்னை ஒரு நாளும் சிரிக்க வைத்ததில்லை. ஒரு கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்ததும் இல்லை. அதையெல்லாம் செய்தது இந்தச் சாதுவான மாத்திரைதான்.

மருந்துச் சீட்டில் ஐம்பதாயிரம் யூனிட் என்று பார்த்தால் புதியவர்கள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். டாக்டர் தூக்கக் கலக்கத்தில் சைபரைக் கூடுதலாகப் போட்டுவிட்டாரோ என்று தோன்றும். பயப்பட வேண்டாம். யூனிட் என்பது மிகச் சின்ன அளவு. ஐம்பதாயிரம் யூனிட்டையும் சேர்த்து எடை போட்டால் ஒரு கடுகு அளவுக்குக்கூடத் தேறாது. பயப்பட வேண்டிய இடம் அதற்கு அடுத்த வரி. வாரத்துக்கு ஒன்று என்று எழுதியிருக்கும் பாருங்கள், அங்கேதான் கண்ணை வைக்க வேண்டும். சில சத்துகள் மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும். இது போகாது. கொழுப்பில் கரைந்து, மாமியார் வீட்டு விருந்துக்கு வந்த மாப்பிள்ளை போலச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். மேலே மேலே போட்டுக்கொண்டே போனால் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறும். அப்புறம் தாகம், ஓயாமல் சிறுநீர், குமட்டல், மலச்சிக்கல், அசதி. கடைசியில் சிறுநீரகமே கெடும்.

இதெல்லாம் எனக்குப் பாடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். மறக்காமல் இருப்பது மட்டும் ஒரு பஸ் டிரைவரால்.

நாற்பதுகளின் பின்பாதி. உலகச் சண்டை முடிந்தும் பெட்ரோல் தட்டுப்பாடு தீராத சமயம். நான் திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். மிஷன் ஆஸ்பத்திரியில் தொழில் படித்த பெண் என்பதால் ஊரே என்னைக் கம்பவுண்டரம்மா என்று கூப்பிடும். வயது என்னவோ இருபத்தைந்தைத் தாண்டவில்லை. டாக்டர் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர். பக்கத்தில் நிற்பவரிடமும் ஏரிக்கு அக்கரையில் இருப்பவரிடம் பேசுவதுபோலத்தான் பேசுவார். நல்ல மனிதர். அவருக்கு ரகசியம் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்.

வல்லம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அஞ்சலை என்று ஒரு அம்மாள் முட்டி வலியோடு வந்தாள். சொந்தக் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுக் களை வெட்டியே தேய்ந்த முட்டி. அந்தக் காலத்தில் மூட்டு வாதத்துக்கு வைட்டமின் டியைத் தினமும் அள்ளிக் கொடுத்த டாக்டர்கள் உண்டு. இன்று யாரும் அப்படிச் செய்வதில்லை, செய்யவும் கூடாது. எங்கள் டாக்டர் அன்றைக்கே அந்த விஷயத்தில் கஞ்சன். வாரத்துக்கு ஒன்று, அதற்கு மேல் மூச்சு விடக் கூடாது என்று சொல்லி எழுதினார். சீசாவைக் கையில் கொடுத்து நான் விளக்கினேன். அஞ்சலை என் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டாள்.

"எங்க, திருப்பிச் சொல்லுக்கா பாக்கலாம்" என்றேன்.

"ஞாயித்துக்கெழம ஒண்ணு. அப்பறம் அடுத்த ஞாயித்துக்கெழம ஒண்ணு. நடுவுல தொடக் கூடாது."

ஒரு எழுத்து பிசகவில்லை. நோயாளி இப்படித் திருப்பிச் சொல்லிவிட்டால் நமக்கு எவ்வளவு நிம்மதி! நீங்களும் அந்த நிம்மதியோடுதான் அடுத்த ஆளைக் கூப்பிடுவீர்கள். கூப்பிடாதீர்கள். இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அதற்குத்தான் வருகிறேன்.

அஞ்சலையின் ஒரே மகன் கோவிந்தன், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் பஸ் ஓட்டினான். பஸ் என்றால் இன்றைய பஸ் இல்லை. பின்னால் அடுப்பு மாதிரி ஒரு உருளையைக் கட்டிக் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓடுகிற பஸ். ஒரு முறை நின்றுவிட்டால் கிளம்ப அதற்கு மனசு வர வேண்டும். கோவிந்தன் ஆள் கழி மாதிரி இருப்பான், ஸ்டீயரிங்கைப் பிடித்தால் எது கை எது கம்பி என்று தெரியாது. விழுப்புரத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்த நாராயணசாமியின் மகளை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். தை மாதம் கல்யாணம்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை. நாராயணசாமி ஒரு கையில் குடையும் மறு கையில் கோவிந்தனின் சட்டைக் காலருமாக எங்கள் மருந்தகத்துக்குள் நுழைந்தார். பின்னாலேயே அஞ்சலை காலை இழுத்து இழுத்து வந்தாள்.

"ஏம்மா, டாக்டர் எங்க? இவனுக்கு நீரிழிவு இருக்குதா இல்லையான்னு இப்பவே தெரியணும். ஜல்தியா சொல்லணும். சாயங்காலத்துக்குள்ள நான் வேற மாப்பிள்ள பாக்கணும்."

நடந்தது இதுதான். மாப்பிள்ளை எப்படி பஸ் ஓட்டுகிறான் என்று சொல்லாமல் கொள்ளாமல் பார்க்க ஆசைப்பட்டு, நாராயணசாமி தலையில் துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு விழுப்புரத்தில் அவன் பஸ்ஸில் ஏறியிருக்கிறார். பஸ் முண்டியம்பாக்கத்தில் நின்றது. கோவிந்தன் இறங்கிப் புளியமரத்துக்குப் பின்னால் போனான். வந்து ஒரு செம்புத் தண்ணீர் குடித்தான். விக்கிரவாண்டியில் நின்றது. மறுபடியும் மரம், மறுபடியும் செம்பு. அப்புறம் ஊரே இல்லாத இடங்களில் எல்லாம் மரம் தென்பட்டால் பஸ் நின்றது. ஒவ்வொரு முறையும் கரி அடுப்பை ஊதி ஊதிக் கிளப்ப வேண்டியிருந்தது. ஏறியிருந்தவர்கள் பழகிப்போய், வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டு, "இதோ அடுத்த மரம் வருது பாரு" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். மண்டிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய அண்ணன் நீரிழிவில் போனவர். தாகமும் மூத்திரமும் எங்கே கொண்டுபோய் விடும் என்று வீட்டில் பார்த்தவர்.

டாக்டர் கோவிந்தனைப் பார்த்து, "ஒண்ணுக்குப் பிடிச்சுக்கிட்டு வா!" என்று கத்தினார். தெருவில் போன நாலு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். கோவிந்தன் கூச்சத்தில் என் கையிலிருந்த கண்ணாடிக் குவளையை வாங்காமல் வெளியே ஓடிவிட்டான். திரும்பி வந்தபோது கையில் ஒரு சீசா. வாங்கி வைத்தேன்.

அப்போது சர்க்கரையைக் கண்டுபிடிக்க ஒரு நீலக் கரைசல் உண்டு. அதில் சில துளி சிறுநீரை விட்டுக் காய்ச்சினால், சர்க்கரை இல்லாவிட்டால் நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சை, மஞ்சள் என்று மாறி, மிஞ்சிப் போனால் செங்கல் நிறத்துக்கு வரும். நான் ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச, மூன்று பேரும் கழுத்தை நீட்டிக் கண்ணாடிக் குழாயையே பார்த்தார்கள். செங்கல் நிறம் வந்தது. சாதாரணச் செங்கல் இல்லை, சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த செங்கல்.

"போச்சுடா!" என்றார் நாராயணசாமி. குடையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார். அஞ்சலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோவிந்தனின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அந்தப் பெண்ணை அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது. அது அந்த முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

எனக்கு மூக்கில் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. காய்ச்சிய குழாயிலிருந்து ஆரஞ்சு வாசனை. எவ்வளவு முற்றிய நீரிழிவானாலும் சிறுநீரில் ஆரஞ்சு வாசனை வரும் என்று நான் படித்த பாடத்தில் இல்லை. மண்டிக்காரர் வாசற்படியைத் தாண்டப் போகிறார். அவர் படி இறங்கினால் செய்தி அவருக்கு முன்னால் விழுப்புரம் போய்ச் சேர்ந்துவிடும். என்ன செய்வது? நான் ஓடிப்போய் அவர் கக்கத்திலிருந்து குடையைப் பிடுங்கிக்கொண்டேன்.

"ஏம்மா! குடைய ஏன் புடுங்கற?"

"கொஞ்சம் குந்துங்கையா. மழை வராது" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பிறகு கோவிந்தனிடம் திரும்பி, "தம்பி, இந்த சீசா ஏது?" என்றேன்.

"எதிர்ல கடைலதாம்மா. ஆரஞ்சு கலர் சோடா ஒண்ணு வாங்கிக் குடிச்சேன். தாகமா இருந்திச்சி. அந்தக் காலி சீசாதான்."

டாக்டர் போட்ட சத்தத்தில் மருந்து கலக்கும் அறையில் இருந்த உரல் அதிர்ந்தது. இரண்டாவது முறை, கழுவிக் கொதிக்க வைத்த குவளையைக் கையில் திணித்து அனுப்பினேன். காய்ச்சினேன். நீலம் நீலமாகவே நின்றது. இன்னொரு முறை காய்ச்சினேன். நீலம். இதை மட்டும் மறக்காதீர்கள் பிள்ளைகளே, சோதனை தப்பாது, சீசா தப்பும். முடிவு உங்களைத் தூக்கிவாரிப் போட்டால் முதலில் பாத்திரத்தை விசாரியுங்கள்.

"சுகர் இல்ல" என்றார் டாக்டர்.

"அப்ப இன்னா?" என்றார் நாராயணசாமி. "சுகர் இல்லன்னா புளியமரத்துக்கு ஏன் போறான்? வேண்டுதலா?"

நியாயமான கேள்வி. டாக்டர் கோவிந்தனை உட்கார வைத்துக் கேட்கத் தொடங்கினார். சாப்பாடு? பிடிக்கவில்லை. வாந்தி? வருவதுபோலவே இருக்கிறது. வெளிக்குப் போவது? அதைக் கேட்காதீர்கள் என்றான். என்னதான் உள்ளே போகிறது என்றதற்கு, "காலைல அம்மா ஒரு டம்ளர் பால் குடுக்கும். கேப்பக் கூழு குடுக்கும். அதுக்கே பேஜாரா இருக்குது சார்" என்றான்.

டாக்டர் அவனைப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்திருந்த அஞ்சலையைப் பார்த்தார். அவள் முட்டியைப் பார்த்தார்.

"உனக்கு முட்டி எப்படியிருக்கு?"

"அப்பிடியேதாங்க இருக்குது. ஒண்ணும் கொறையல."

டாக்டர் என்னிடம் திரும்பி, வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார். "எஸ்தர், இந்தம்மாவை உள்ளே கூட்டிட்டுப் போய்க் கேளு." தாழ்த்திய குரலே வாசல் வரைக்கும் கேட்டது.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மாத்திரை தீர்ந்துவிட்டது, இன்னொரு சீசா வேண்டும் என்று அஞ்சலை முந்தின வாரம்தான் வந்திருந்தாள். தீர்ந்திருக்க வழியே இல்லையே, வீட்டில் தேடிப் பார் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன்.

"மாத்திரையெல்லாம் எங்கக்கா போச்சு?"

"அவன் எளச்சிப் போயிக்கினே இருக்கானேம்மா. கண்ணால மேடையில நின்னா மாலதான் தெரியும், புள்ள தெரியமாட்டான். பொண்ணூட்டுக்காரங்க சிரிப்பாங்க. இது சத்து மாத்திரைன்னு டாக்டரு சொன்னாருல்ல, நானா அதத் தின்னு மேடையேறப் போறேன்? இடிச்சிப் பால்ல கலந்து குடுத்தேன்."

"வாரத்துக்கு ஒண்ணா?"

"தெனமும்."

"ஏங்க்கா, வாரத்துக்கு ஒண்ணுன்னு நீதான திருப்பிச் சொன்ன!"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "எனக்குத்தானம்மா வாரத்துக்கு ஒண்ணுன்னு சொன்ன. அவனுக்கு எவ்ளோன்னு நீ சொல்லலியே. வயசுப் புள்ளயாச்சேன்னு தெனம் குடுத்தேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மகன் மேலும் இளைத்தது அந்த மாத்திரையால் வந்த குமட்டலில். அவன் இளைக்க இளைக்க இவள் இன்னும் விடாமல் கொடுத்திருக்கிறாள். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் சிறுநீரகம் கெட்டிருக்கும் என்று சொன்னேன். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அவள் மேல் இருந்த கோபம் எல்லாம் அங்கேயே போய்விட்டது.

இப்போது வெளியே காத்திருப்பவருக்கு என்ன சொல்வது? இங்கேதான் உங்களுக்கும் ஒரு நாள் வேர்க்கும். மாப்பிள்ளைக்கு வீட்டில் ரகசியமாக மருந்து கொடுத்தார்கள் என்று சொன்னால், பெண் வீட்டார் நினைக்கப் போவது ஒன்றே ஒன்று. அதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சந்தேகத்துக்கு நீரிழிவே மேல். பொய் சொல்லலாமா? வயிற்றில் பூச்சி என்று சொன்னால் அன்றைக்குத் தப்பிக்கலாம். ஆனால் மறுநாளும் பஸ் மரத்தடியில் நிற்கும். டாக்டரிடம் விட்டால், அவர் உள்ளதை உள்ளபடி தெருவுக்கே கேட்க அறிவித்துவிடுவார். தவிர, நோயாளியின் சங்கதியைச் சொல்ல நான் யார்? சொல்ல வேண்டியவர்கள் அந்தத் தாயும் பிள்ளையும்தான். அஞ்சலையைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்க் கோவிந்தன் காதில் விஷயத்தைப் போட்டேன். அவன் அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். "நீயே சொல்லிடும்மா" என்றான்.

அஞ்சலை மூக்கைச் சிந்திவிட்டு நாராயணசாமியின் எதிரில் வந்து நின்றாள்.

"அண்ணே, எம் புள்ளைக்கு ஒரு நோயும் இல்ல. எம் முட்டிக்கிக் குடுத்த மருந்த நான்தான் அவனுக்குத் தெரியாம பால்ல போட்டுக் குடுத்தேன். ஒங்க ஊட்டு ஜனங்க முன்னால அவன் நல்லா தெரியணும்னு குடுத்தேன். தப்புன்னா என்னத் திட்டுங்க. அவன வேணாம்னு சொல்லிடாதீங்க."

டாக்டர் வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன். சம்பளம் கொடுப்பவரின் காலை மிதித்தது அந்த ஒரு முறைதான்.

நாராயணசாமி அவள் முட்டியைக் குனிந்து பார்த்தார். "அப்ப ஒன் முட்டிக்கி?" என்றார்.

"அது கெடக்குது."

"நல்லா இருக்குது போ. தன் மருந்தையே எடுத்துக் குடுக்கறவ எம் பொண்ணுக்குச் சோத்துல கொற வெக்க மாட்ட." சொல்லிவிட்டு உடனே மண்டிக்காரராக மாறிக்கொண்டார். "ஆனா எனக்குக் கண்ணால பாத்தாத்தான் நம்பிக்க. பொங்கலுக்கு முன்னால ஒரு நாளு இவன் பஸ்ல குந்துவேன். ஆள ஏத்தி எறக்க பஸ்ஸு நிக்கலாம். இவன் சீட்ட விட்டு எறங்கக் கூடாது. எறங்கினான், கண்ணாலம் இல்ல. இந்தக் கம்பவுண்டரம்மாவும் கூட வரணும், சாட்சிக்கி."

மாத்திரை நின்றது. சுண்ணாம்புச் சத்து உள்ள பால், தயிர், கேப்பைக் கூழ் எல்லாம் நின்றது. தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்கச் சொன்னார் டாக்டர். "மரத்தடிக்குப் போவாதன்னு சொல்லிட்டு, தண்ணியக் குடின்னா எப்பிடி சார்?" என்று கோவிந்தன் கிட்டத்தட்ட அழுதான். உடம்பில் உட்கார்ந்துவிட்ட மருந்து ஒரு நாளில் எழுந்து போகாது. கார்த்திகை முழுக்க பஸ் மரம் மரமாக நின்றது. மார்கழி பிறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மரங்கள் குறைந்தன. பசி எடுத்தது. வாரா வாரம் என்னிடம் வந்து எத்தனை ஊர் தாண்டினேன் என்று சொல்லிவிட்டுப் போவான்.

மார்கழிக் கடைசியில் ஒரு விடியற்காலை, நல்ல பனி. நாராயணசாமி திண்டிவனத்தில் பஸ் ஏறி டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் நான். பஸ் கிளம்பும் முன் அவர் இரண்டு டம்ளர் காபி குடித்ததை நான் கவனித்தேன். கூட்டேரிப்பட்டு தாண்டியது. கோவிந்தன் அசையவில்லை. பழைய ஆட்கள் புளியமரம் வரும்போதெல்லாம் எழுந்து பார்த்து ஏமாந்து உட்கார்ந்தார்கள். விக்கிரவாண்டியும் போயிற்று. பக்கத்தில் மண்டிக்காரர் காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். குடைக் கைப்பிடியைத் திருகினார். பனியிலும் நெற்றியில் வேர்த்திருந்தது.

முண்டியம்பாக்கம் நெருங்கும்போது அவர் முன்னால் குனிந்தார்.

"கொஞ்சம் நிறுத்து."

"ஸ்டாப்பு இல்லீங்களே" என்றான் கோவிந்தன், திரும்பாமலே. "நிறுத்தினா நான் எறங்கிட்டேன்னு சொல்லுவீங்க."

"சொல்ல மாட்டேன்டா. நிறுத்து."

"கம்பவுண்டரம்மா சாட்சியா?"

"சாட்சி, சாட்சி! நிறுத்து மாப்ள!"

பஸ் நின்றது. நாராயணசாமி குடையையும் மறந்துவிட்டுப் புளியமரத்தை நோக்கி ஓடினார். பஸ்ஸில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் சாய்ந்ததில் வண்டி ஒரு பக்கமாகச் சரிந்தது. கோவிந்தன் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சீட்டிலேயே இருந்தான். அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தை மாதம் கல்யாணம் விழுப்புரத்தில் நடந்தது. மணமக்களுக்குப் பாலும் பழமும் கொடுக்கும்போது டாக்டர் பந்தலின் கடைசி வரிசையிலிருந்து, "அவனுக்குப் பால் ஒரு வாய்க்கு மேல கூடாது!" என்று கத்தினார். மேளக்காரர்களே வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அதன் பிறகு அஞ்சலைக்கு நான் சீசா கொடுக்கவில்லை. ஞாயிறு அன்று கோவில் ஆராதனை முடிந்ததும் மருந்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வாரா வாரம் இங்கே வந்து என் முன்னால் விழுங்கிவிட்டுப் போ என்று சொல்லிவிட்டேன். கல்யாணம் முடிந்த அடுத்த ஞாயிறு வந்தாள். மாத்திரையை அவள் வாயில் போட்டேன், தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். தலையை ஆட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வாசலைப் பார்த்து நடந்தாள். இத்தனை மாதத்தில் அஞ்சலை வாய் பேசாமல் போனதை நான் பார்த்ததே இல்லை.

"அக்கா, வாயத் தெற."

மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். நான் வாசலில் போய் நின்றுகொண்டேன். கடைசியில் திறந்தாள். கன்னத்துக்குள்ளே, ஈரம்கூடப் படாத மாதிரி பத்திரமாக, மாத்திரை முழுசாக இருந்தது.

"யாருக்குக்கா இது?"

"மருமவளுக்கும்மா" என்றாள். "வந்ததுலேந்து எளச்சிக்கினே போவுது அந்தப் பொண்ணு."